பின்பனிக் காலத்தில் இவ்வளவு வெயிலா?

மாசி, பங்குனி ஆகிய இரண்டு மாதங்களுக்கும் நம் முன்னோர் வைத்த பெயர் என்ன, தெரியுமா? பின்பனிக் காலம்! மார்கழியும் தையும் முன்பனிக் காலம். இரவின் முற்பகுதியிலேயே பனி இறங்கினால் அது முன்பனி. விடியற்காலையை ஒட்டி இறங்கினால் அது பின்பனி. 'தைப் பனி தரையைத் துளைக்கும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று ஒரு பழமொழியும் உண்டு.

ஆனால், பங்குனி மாத நண்பகலில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். பனியாவது, குளிராவது! சர்பத் கடையிலும் இளநீர் வண்டியிலும் கூட்டம் மொய்க்கும். மலைக்கோட்டைப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. "இந்த வருஷம் மாதிரி வெயிலை நான் பார்த்ததே இல்லை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சென்ற ஆண்டும் அவர்கள் இதையேதான் சொன்னார்கள், இல்லையா?

அப்படியானால், ஒரு வருஷத்து வெயில் உண்மையிலேயே வழக்கத்துக்கு மாறானதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வாருங்கள், பார்ப்போம்.

பனியில் எத்தனை வகை!

முதலில் 'பனி' என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வோம். தமிழில் பல பொருள்களுக்கு இந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம்.

விடியற்காலையில் புல் நுனியில் முத்து முத்தாக நிற்பது பனித்துளி. எதிரே வரும் லாரியைக்கூட மறைத்துவிடுவது மூடுபனி. இவை இரண்டும் திண்டுக்கல் சமவெளியில் நாம் பார்ப்பவை.

மூன்றாவது உறைபனி. இது புல்லின் மேல் உப்பைத் தூவியதுபோல வெள்ளையாகப் படியும். இதைப் பார்க்க வேண்டுமானால் கொடைக்கானலுக்குப் போக வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏரியைச் சுற்றியும், ஜிம்கானா, பாம்பார்புரம் பகுதிகளிலும் காலை நேரத்தில் இது தெரியும். அதைப் படம் பிடித்து, 'காஷ்மீராக மாறியது கொடைக்கானல்' என்று செய்தி போடுவார்கள். ஆனால், அது காஷ்மீர்ப் பனி அல்ல!

காஷ்மீரில் விழுவது நான்காவது வகை. அது வெண்பனி. மேகத்திலேயே உருவாகி, பஞ்சுபோல வானத்திலிருந்து விழுவது. உறைபனி வானத்திலிருந்து விழுவதே இல்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. புல்லின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது, அதைத் தொடும் காற்றில் உள்ள நீராவி அங்கேயே பனிக்கட்டித் துகளாகப் படிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் நாலடி உயரத்தில் இருக்கும் வெப்பமானி 3 டிகிரியோ 4 டிகிரியோ காட்டலாம். அதனால்தான், 'வெப்பநிலை 4 டிகிரி. ஆனாலும் உறைபனி' என்று செய்தி வருகிறது. அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. அதுதான் ஆலங்கட்டி! சித்திரை, வைகாசி வெயிலில் திடீரென்று மேகம் திரண்டு, ஓட்டின் மேல் 'படபட'வென்று கட்டிகள் விழும். வெயில் காலத்தில் எப்படி ஐஸ் விழுகிறது? சூடான காற்று வேகமாக மேலே ஏறுகிறது. நம் பகுதியில் தரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை 0 டிகிரிக்கு வந்துவிடும். இடிமேகமோ 10 கிலோமீட்டருக்கும் மேல் வளரும். மேலே தூக்கிச் செல்லப்படும் நீர்த்துளிகள் அங்கே உறைகின்றன. அவற்றின் மேல் மேலும் நீர் ஒட்டி உறைந்து, கட்டி பெரிதாகிறது. காற்றால் தாங்க முடியாத அளவுக்குக் கனத்ததும் கீழே விழுகிறது. ஆகவே, ஆலங்கட்டி விழுந்தால் ஊர் குளிர்ந்துவிட்டது என்று பொருள் அல்ல. தரை நன்றாகச் சூடாகி இருந்தது என்றுதான் பொருள்!

ஒரே மாவட்டம், இரண்டு வானிலை

திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலின் உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டர். ஒரு கிலோமீட்டர் மேலே போனால், சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள உயரம் 1.8 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 12 டிகிரி வருகிறது அல்லவா? வத்தலக்குண்டில் வியர்க்க விறுவிறுக்கப் பேருந்து ஏறுகிறவர், பெருமாள்மலை தாண்டியதும் ஸ்வெட்டரைத் தேடுவது இதனால்தான்.

இப்போது ஒரு கேள்வி. 29 டிகிரி என்பது அதிக வெயிலா, குறைந்த வெயிலா?

திண்டுக்கல் பையனைக் கேட்டால், "சித்திரை மாதத்தில் 29 டிகிரிதானா? ஜாலிதான்!" என்பான். ஆனால், 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானபோது அது பெரிய செய்தி ஆனது. 1951-க்குப் பிறகு ஊட்டியில் பதிவான மிக அதிக வெப்பம் அது! எண் ஒன்றுதான். ஆனால் ஓர் ஊருக்கு அது சுகம். இன்னோர் ஊருக்கு அது அதிர்ச்சி.

ஆகவே, 'எத்தனை டிகிரி?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'இந்த ஊரில், இந்த மாதத்தில், வழக்கத்தைவிட எத்தனை டிகிரி அதிகம்?' என்று கேட்க வேண்டும்.

வழக்கம் என்பது எது?

'வழக்கம்' என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். சராசரிக் கணக்கு இங்கே உதவும். ஐந்து ஆண்டுகளில் மார்ச் 15 அன்று ஓர் ஊரின் வெயில் 35, 36, 34, 37, 33 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். (கணக்குக்காக நானாக எடுத்துக்கொண்ட எண்கள் இவை.) கூட்டினால் 175. ஐந்தால் வகுத்தால் 35. இதுதான் சராசரி. இந்த ஆண்டு அதே நாளில் 38 டிகிரி அடித்தால், சராசரியைவிட 3 டிகிரி அதிகம் என்று சொல்லலாம்.

வானிலை அறிஞர்களுக்கு ஐந்து ஆண்டுகள் போதாது. அவர்கள் 30 ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள். 1875-இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை, 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுகளின் சராசரியை அளவுகோலாக வைத்திருக்கிறது.

இந்த அளவுகோல் வெறும் படிப்புக்காக அல்ல. சமவெளியில் உள்ள ஓர் ஊரில் வெப்பம் 40 டிகிரியைத் தொட வேண்டும். அதோடு சராசரியைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அப்போதுதான் அதை 'வெப்ப அலை' என்கிறார்கள். மலை ஊர்களுக்கு 30 டிகிரியைத் தொட்டாலே போதும். சராசரி தெரியாவிட்டால், எப்போது எச்சரிக்கை கொடுப்பது என்றே தெரியாமல் போய்விடும். கடும் வெயில் உயிரையே பறிக்கக்கூடியது. அதனால்தான் தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

வெள்ளைப் பெட்டி

வெப்பத்தை எங்கே அளப்பது? வெயிலில் வெப்பமானியை வைத்தால் அது காற்றின் சூட்டைக் காட்டாது. தன் மேல் படும் வெயிலின் சூட்டைத்தான் காட்டும். அதனால் வானிலை நிலையங்களில் காற்று புகும் பலகை இடுக்குகள் உள்ள ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானிகளை வைப்பார்கள். பெட்டி தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் நிற்கும். இதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற பொறியாளர். 'புதையல் தீவு' கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா இவர்!

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள். மழை ஏன் பொய்த்தது? சூரியனில் ஏற்படும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா? இதை ஆராய வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகு வலுப்பெற்றது. 1792-இல் சென்னையில் அமைந்த வான் ஆய்வகத்தின் பணி, 1899-இல் கொடைக்கானல் மலைக்கு வந்து சேர்ந்தது. அங்கே நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில், ஒரே முறையில், விடாமல் குறித்து வைப்பதில்தான் விஞ்ஞானத்தின் பலம் இருக்கிறது.

உடம்பு சொல்வதும் கருவி சொல்வதும்

நான் ஆசிரியராக இருந்தபோது, ஒரு பங்குனி மாதத்தில் வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். தாழ்வாரத்து நிழலில் வெப்பமானியைத் தொங்கவிட்டு, தினமும் மதியம் 2 மணிக்குப் பார்த்துக் கரும்பலகையில் எழுதினோம். 15 நாள் கழித்து, "எந்த நாளில் வெயில் மிக அதிகம்?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளைச் சொன்னார்கள். கரும்பலகையைப் பார்த்தால், அந்த நாள் மூன்றாவது இடத்தில் இருந்தது! அன்று காற்று அசையவே இல்லை. புழுக்கத்தால் வெயில் கூடுதலாகத் தோன்றிவிட்டது. உடம்பு பொய் சொல்லவில்லை; ஆனால் அது வெப்பத்தை மட்டும் அளக்கும் கருவி அல்ல.

கருவியும் சில சமயம் தவறும். 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் ஒரு தானியங்கிக் கருவி 52.9 டிகிரி என்று காட்டியது. நாடே திகைத்தது. அறிஞர்கள் சோதித்தபோது, அந்தக் கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது தெரியவந்தது. வழக்கத்துக்கு மாறான எண் வந்தால், முதலில் கருவியைச் சந்தேகப்பட வேண்டும். இது நல்ல விஞ்ஞானியின் குணம்.

சென்னையில் பனி பொழிந்ததா?

இப்போது நீங்களே துப்பறியலாம். இந்தோனேசியாவில் உள்ள தம்போரா எரிமலை 1815 ஏப்ரல் 10 அன்று பயங்கரமாக வெடித்தது. அதிலிருந்து கிளம்பிய கந்தகத் துகள்கள் வானத்தின் உயரத்தில் பரவி, சூரிய ஒளியைத் தடுத்தன. அடுத்த ஆண்டு, அதாவது 1816 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் பனி பொழிந்தது. கோடையில் பனி! பயிர்கள் அழிந்தன. அந்த ஆண்டுக்கே 'கோடை இல்லாத ஆண்டு' என்று பெயர் வந்தது. இதைப் பலரும் தங்கள் நாட்குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதோடு இன்னொரு செய்தியும் அவ்வப்போது உலவும். 1815 ஏப்ரல் கடைசியில் சென்னையில் வெப்பம் உறைநிலைக்கும் கீழே போய், பனி பொழிந்தது என்பார்கள். நம்பலாமா?

நாம் படித்த கேள்வியைக் கேட்போம். வழக்கத்தைவிட எவ்வளவு மாறுதல்? சென்னையில் பிற்காலத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பம் 13.9 டிகிரி. அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும், குளிர்காலத்தில் பதிவானது. ஏப்ரல் கடைசியில் சென்னையின் விடியற்காலையே ஏறத்தாழ 26 டிகிரி இருக்கும். அங்கே நீர் உறைய வேண்டுமானால், 26 டிகிரி ஒரேயடியாக இறங்க வேண்டும்! எரிமலை வெடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. துகள்கள் உலகம் முழுவதும் பரவ மாதக்கணக்கில் ஆகும். இவ்வளவு பெரிய அதிசயத்துக்கு அவ்வளவு பெரிய சான்று வேண்டும். அது கிடைக்கும் வரை இதை வரலாறு என்று ஏற்கக் கூடாது. கதையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

வெயில் முந்தினால், பனி பிந்தினால்...

வெயிலும் பனியும் தங்கள் வரிசையை விட்டு இடம் மாறினால் என்ன ஆகும்?

காஷ்மீரின் குல்மார்க்கில் 2025 பிப்ரவரி 22 முதல் 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடப்பதாக இருந்தது. பனிச்சறுக்குக்குப் போதிய பனி இல்லை. போட்டியைத் தள்ளி வைத்தார்கள். பிறகு பனி தாமதமாக வந்தது. மார்ச் 9 முதல் 12 வரை போட்டிகள் நடந்தன.

2022 மார்ச் மாதம், 1901 முதல் அதுவரை இருந்த பதிவுகளிலேயே இந்தியாவின் மிக வெப்பமான மார்ச் ஆனது. நாட்டின் சராசரிப் பகல் வெப்பம் வழக்கத்தைவிட ஏறத்தாழ 1.9 டிகிரி அதிகம். இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். இது ஒரு நாள் கணக்கு அல்ல. நாடு முழுவதற்கும், மாதம் முழுவதற்குமான கணக்கு. வடமாநிலங்களில் கோதுமை மணிகள் பால் பிடித்து முற்றும் நேரம் அது. வெயிலில் மணிகள் சுருங்கின. விளைச்சல் குறைந்தது. மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதிக்கே தடை வந்தது.

பிரான்சு நாட்டில் 2021 மார்ச் கடைசியில் கோடைபோல வெயில் அடித்தது. 'வசந்தம் வந்துவிட்டது' என்று ஏமாந்த திராட்சைக் கொடிகள் முன்கூட்டியே துளிர்த்துவிட்டன. ஒரே வாரத்தில், ஏப்ரல் தொடக்கத்தில், கடும் உறைபனி வந்தது! தளிர்களைக் காப்பாற்ற விவசாயிகள் இரவெல்லாம் தோட்டத்தில் பெரிய மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தார்கள். அப்படியும் பெரும் நஷ்டம்.

நம் ஊரிலும் செடிகொடிகளுக்கு நாள்கணக்கு உண்டு. பனிக்காலத்தில் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை வரத்து குறையும், விலை ஏறும். வெயில் ஏற ஏறப் பூவும் பெருகும். தை, மாசியில் நத்தம் பக்கத்து மாந்தோப்புகள் பூத்து நிற்கும். பூ பிஞ்சாகும் வேளையில் மூடுபனியோ, கடும் வெயிலோ, மழையோ தப்பி வந்தால் பூ கருகும், பிஞ்சு உதிரும். கொடைக்கானல் மலையில் உருளைக்கிழங்கு, பீன்ஸ் செடிகள் உறைபனியில் கருகிவிடும். வெயில் இரண்டு டிகிரி கூடுவது நமக்கு ஒரு தம்ளர் மோர் அதிகம். தோப்பு வைத்திருப்பவருக்கு அது ஒரு வருஷத்து வருமானம்!

அளவுகோலே நகர்கிறதா?

இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. நிலக்கரி, பெட்ரோல் போன்றவற்றை எரிப்பதால் சேரும் கரியமில வாயு உலகைச் சூடாக்குவது இதற்கு முக்கியக் காரணம். 1901 முதல் அதுவரை இருந்த பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு 2024.

"கொடைக்கானலில் நேற்று உறைபனியாமே! உலகம் சூடாகிறது என்பது பொய்தானே?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஒரு நாள் குளிர் என்பது ஒரு நாள் மதிப்பெண் மாதிரி. சராசரி என்பது வருஷம் முழுவதற்குமான ரேங்க் கார்டு மாதிரி. ஒரு பரீட்சையை வைத்து மாணவனை எடை போட முடியாது அல்லவா? ஒரு நாள் சுட்டெரிக்கும் வெயிலை மட்டும் காட்டி, உலகம் சூடாகிறது என்று நிரூபிக்கவும் முடியாது. இரண்டுக்கும் நியாயம் ஒன்றுதான்.

நீங்களும் செய்யலாம்

உங்கள் ஊருக்கும் ஒரு வானிலைக் குறிப்பேடு வேண்டாமா? இதோ வழி:

1. கடையில் கிடைக்கும் சுவர் வெப்பமானி ஒன்று போதும். வெயில் படாத, காற்று வரும் இடத்தில், நாலடி உயரத்தில் மாட்டுங்கள். சமையலறைச் சுவர் வேண்டாம். இடத்தை மாற்றக் கூடாது.

2. காலை 8.30 மணிக்கு ஒருமுறை, மாலை 5.30 மணிக்கு ஒருமுறை பாருங்கள். வானிலை நிலையங்களிலும் இந்த நேரங்களில் குறிப்பு எடுப்பார்கள்.

3. நாள், நேரம், டிகிரி மூன்றையும் எழுதுங்கள். பார்க்க மறந்த நாளைக் காலியாக விடுங்கள். மனத்தில் தோன்றியதை எழுதி நிரப்பாதீர்கள்.

4. புல்லில் பனித்துளி கடைசியாகத் தெரிந்த நாள், மாமரம் முதலில் பூத்த நாள், ஆலங்கட்டி விழுந்த நாள் ஆகியவற்றையும் குறியுங்கள். தாத்தா, பாட்டியிடம், "உங்கள் காலத்தில் மாமரம் எந்த மாதம் பூத்தது?" என்று கேட்டு, தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

5. மாதக் கடைசியில் சராசரி போடுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மாலைக் குறிப்பு எடுக்கும் வரை வெயிலிலேயே விளையாடிக்கொண்டிருக்கக் கூடாது! வெயில் காலத்தில் மதியம் 12 மணி முதல் 3 மணி வரை நிழலில் இருங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். விளையாடும்போது யாருக்காவது தலை சுற்றினால், உடனே நிழலுக்கு அழைத்துச் சென்று, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

8 வயதில் குறிப்பேட்டைத் தொடங்குகிறவருக்கு 38 வயதாகும்போது, 30 ஆண்டுக் கணக்கு கையில் இருக்கும். அப்போது யாராவது, "இந்த வருஷம் மாதிரி வெயிலைப் பார்த்ததே இல்லை" என்று சொன்னால், நீங்கள் குறிப்பேட்டைப் புரட்டி, "உண்மைதான்" என்றோ, "இல்லை, இதைவிட அதிகமாக அடித்திருக்கிறது" என்றோ ஆண்டோடு எடுத்துச் சொல்லலாம்!